விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல்: அளவிடலும் கட்டுப்படுத்தலும்

மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் விசைத்தறிக் கூடம் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். அலுவல் நிமித்தம் அங்கு ஒரு கூடத்துக்குச் சென்றிருந்தபோது, நெசவாளர்கள் ஒருவரோடொருவர் சைகையாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்வதைக் கண்டேன். உரிமையாளர் ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, தாம் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்திருப்பதாகத் தெரிவித்தார். பஞ்சு இரைச்சலைத் தடுப்பது மிகச் சொற்பமே என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெப்பம், அதிர்வு, ஒளிக்குறைவு, கதிர்வீச்சு ஆகிய பௌதிகக் கேடுகளுள் இரைச்சலே மிக எளிதில் அளக்கத் தக்கது. மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. அதனால் குருதி சிந்துவதில்லை, வலியும் இல்லை. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்சை ஒட்டிய உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குன்றுகிறது. பேச்சின் முழக்கம் கேட்கும்; ஆயின், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். ஆகவே, பாதிக்கப்பட்டவர் தம் செவியில் குறை இருப்பதாக நினையாமல், பிறர் தெளிவாகப் பேசவில்லை என்றே பல்லாண்டுகள் நம்பியிருப்பார்.

டெசிபல் கணக்கு

டெசிபல் என்பது மடக்கை அளவு. சாதாரணக் கூட்டல் கழித்தல் இதற்குப் பொருந்தாது. ஒலியாற்றல் இரு மடங்காகும்போது அளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபல் உயரும். ஒரே வகைத் தறிகள் 24 ஓடும் கூடத்தில் 100 டெசிபல் இருப்பதாகக் கொள்வோம். 12 தறிகளை நிறுத்தினால் உற்பத்தி பாதியாகும். இரைச்சலோ ஏறக்குறைய 97 டெசிபலில் நிற்கும். மாறாக, 24 தறிகள் ஒவ்வொன்றின் ஒலியையும் 5 டெசிபல் குறைக்க முடிந்தால், உற்பத்தி குறையாமலே கூடத்தின் அளவு 95 ஆகிவிடும். பாதித் தறிகளை மட்டும் சீர்செய்துவிட்டு, 'செலவு செய்தும் பயனில்லை' என்று மனம் தளர்ந்த உரிமையாளர்களின் குறையும் இக்கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

அளவு மட்டும் போதாது. அதற்கு ஆட்பட்ட நேரமும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் எழுந்த மாதிரி விதிகள் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை உச்சவரம்பாகக் கொண்டன. ஒவ்வொரு 5 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும்: 95க்கு 4 மணி, 100க்கு 2 மணி, 105க்கு 1 மணி. நாடாத் தறிகள் நிறைந்த கூடங்களில் 95 டெசிபலுக்கு மேற்பட்ட அளவுகள் சாதாரணம். பிவண்டியிலோ 12 மணி நேர 'ஷிப்டு' நெடுநாள் வழக்கம். 95 டெசிபலில் 12 மணி நேரம் நிற்பவர் அனுமதிக்கப்பட்டதைப்போல் மும்மடங்கு பெறுகிறார். 85 டெசிபலை அடிப்படையாகவும் 3 டெசிபலைப் படியாகவும் கொள்ளும் கடுமையான அளவுகோலின்படி, அதே 95 டெசிபலில் ஒருவர் ஏறத்தாழ 48 நிமிடமே இருக்கலாம். சுரங்கங்களுக்காகத் தன்பாதிலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1975ஆம் ஆண்டிலேயே 85 டெசிபலை எச்சரிக்கை வரம்பு என்றும், 90ஐ அபாய வரம்பு என்றும் சுற்றறிக்கை மூலம் வகுத்தது. நெசவாளரின் செவி சுரங்கத் தொழிலாளரின் செவியைவிட உறுதியானதன்று.

அளவிடும் முறை கடினமானதன்று. ஒலிமட்டமானியை 'ஏ' நிலையில் வைத்து, தொழிலாளி நிற்கும் இடத்தில், அவரது செவியின் உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் நிலையான ஒலிமூலத்தைக் கொண்டு கருவியைச் சரிபார்க்க வேண்டும். இப்படி நீங்கினால் எல்லா எண்களும் ஐயத்துக்குரியவை. இடம் மாறி வேலை செய்வோருக்குத் தோளில் அணியும் ஒலியளவுமானி ஏற்றது. கருவியே இல்லாத இடத்தில் ஒரு சோதனை உண்டு: ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால், அங்கு 85 டெசிபலை எட்டியிருக்கக் கூடும் என்று கருதி அளவீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கட்டுப்படுத்தும் வழிகள்

நாடாத் தறியின் இரைச்சலில் பெரும்பங்கு, நாடாவை அடித்துச் செலுத்தும் மோதலிலும் மறுகோடியில் அதனைத் தடுத்து நிறுத்தும் மோதலிலும் பிறக்கிறது. எனவே தேய்ந்த பாகங்களைக் காலத்தில் மாற்றுதல், மோதும் இடங்களில் ரப்பர் அல்லது தோல் தாங்கிகள் பொருத்துதல், இரும்புப் பற்சக்கரங்களுக்கு மாற்றாக நைலான் சக்கரங்கள், தறியின் அடியில் அதிர்வு தாங்கும் திண்டுகள் ஆகியவை முதற்படி. தகரக் கூரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியனுப்புவதால், கூரையின் கீழ் ஒலியுறிஞ்சும் தட்டிகள் அடுத்த படி. நாடா இல்லாத் தறிகளில் இம்மோதல் இல்லை. ஆயினும் வேகம் கூடுந்தோறும் இரைச்சலும் கூடுமாதலால், புதிய தறி என்பதாலேயே அமைதியான தறி என்று கொள்ளலாகாது.

காதடைப்பான் கடைசிப் படி. அதிலும் ஒரு கணக்கு உண்டு. 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானைப் பணிநேரத்தில் பாதி மட்டும் அணிபவர், ஒலியாற்றலின் கணக்கில், ஏறத்தாழ 3 டெசிபல் பாதுகாப்பையே பெறுகிறார். புழுக்கமான கூடத்தில் 12 மணி நேரமும் அதை அணிந்திருக்குமாறு எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நாமோ கடைசிப் படியிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கிறோம். அதுவே மலிவானது என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

பொருளியல் நோக்கில், இழந்த செவித்திறன் துணியின் விலையில் சேராத செலவு. சேராத செலவைக் குறைக்க எவரும் தாமாக முன்வருவதில்லை, அதற்காகவே சட்டம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆயின், விசையால் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கு முன்னது 10 தொழிலாளரை வரம்பாக வைத்தது. பின்னது அதனை 20 ஆக உயர்த்தியது. ஒரு நெசவாளர் பல தறிகளைக் கவனிக்கும் தொழிலில், 24 தறிகள் கொண்ட கூடமும் தலை எண்ணிக்கையில் சிறியதாகவே தோன்றும். டெசிபலை எண்ண வேண்டிய இடத்தில் ஆட்களை எண்ணுகிறோம்.

இவ்வரம்புக்குக் கீழுள்ள கூடங்களை எட்ட அரசின் கையில் மற்றொரு கருவி உண்டு. 1999ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் கடன் வட்டியில் சலுகை அளித்தது. இத்தகைய உதவிகளை வழங்கும்போது, தறி நிறுவப்பட்ட பின் எடுத்த ஒலியளவை எழுத்தில் கேட்பது பெருஞ்செலவன்று.

செவிச் சோதனையைப் பணியில் சேரும்போது ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். இரைச்சலிலிருந்து நேரே வருபவரின் செவி தற்காலிகமாக மந்தித்திருக்குமாதலால், வார விடுமுறை முடிந்த காலையே இதற்கு ஏற்ற வேளை. பிவண்டியின் தறியாளர்களில் பலர் உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து கூடம் விட்டுக் கூடம் மாறுபவர்கள். ஆகவே, சோதனை முடிவு உரிமையாளரின் பேரேட்டில் மட்டும் தங்காமல், ஓர் அட்டையாகத் தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும்.