கைமாறும் இடத்தில் தேங்கும் வேலை

ஒரு நிறுவனத்தில் வேலை பெரும்பாலும் பிரிவுகளுக்குள் தேங்குவதில்லை. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்திலேயே தேங்குகிறது. சரக்கு ஆயத்தமாக இருக்கும், பட்டியல் வந்திராது. பட்டியல் வந்திருக்கும், அனுப்பும் பிரிவுக்குத் தெரிந்திராது. ஒவ்வொரு முறையும் உரிமையாளரே தலையிட்டு முடிச்சை அவிழ்க்க வேண்டுமா?

மும்பையின் டப்பாவாலாக்கள் இதற்கு விடை கூறுகின்றனர். 1890-இல் தொடங்கிய இப்பணியில், பெருந்தொற்றுக்கு முன்பு ஏறத்தாழ 5,000 பேர் ஈடுபட்டு, வேலை நாள்தோறும் சுமார் 2 லட்சம் உணவு டப்பாக்களைக் கொண்டு சேர்த்தனர். ஒவ்வொரு டப்பாவும் பலர் கைமாறியே அலுவலகத்தை அடைகிறது. ஆயினும், ஏறக்குறைய 25 பேர் கொண்ட குழுக்கள் தத்தம் வேலையைத் தாமே நடத்திக்கொள்கின்றன.

அவர்களிடம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, பொதுக் குறியீடு. மூடியிலுள்ள சில எழுத்துகளும் எண்களும் வண்ணங்களும் அடுத்தவருக்குத் தேவையானதை மட்டும் சொல்லிவிடும். இரண்டாவது, மாறாத நேரம். புறநகர் ரயிலே அனைவருக்கும் கெடு. உணவை அடிக்கடித் தாமதமாகத் தரும் வாடிக்கையாளரை விட்டுவிடவும் அவர்கள் தயங்குவதில்லை. மூன்றாவது, கூடுதல் கை. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு, மூன்று பேர் உபரியாக இருந்து, இடையூறு நேரும்போது அவ்விடத்தை நிரப்புகின்றனர்.

ஓர் ஆடைத் தொழிலகத்தில் இதனைச் செயற்படுத்துவது எளிது. வெட்டுதல், தைத்தல், அனுப்புதல் ஆகிய பிரிவுகளின் பொறுப்பாளர்கள் வாரத் தொடக்கத்தில் கூடி, யாரிடமிருந்து எது, எந்நாளுக்குள் தேவை என்பதை ஒரே பலகையில் எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் தருபவர், பெறுபவர் என இரு பெயர்கள் இருக்கட்டும். தடை ஏற்பட்டால் அவ்விருவருமே அன்றே பேசித் தீர்க்கட்டும். ஆள் மாற்றமும் வேலை வரிசை மாற்றமும் அவர்கள் உரிமை. விலையோ, தரமோ, வாடிக்கையாளருக்கு அளித்த நாளோ மாறுமாயின் மட்டும் உரிமையாளரிடம் வரட்டும். இந்த எல்லையை முன்னதாகவே சொல்லிவிடுதல் இன்றியமையாதது. இல்லையெனில், பழிக்கு அஞ்சி அனைத்தும் மேலேயே வந்து சேரும்.

இது வெறும் நிருவாக ஒழுங்கன்று. ரொக்கக் கடன் கணக்கின் நிலுவைக்கு வட்டி நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் செலுத்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் 45 நாள் உச்ச வரம்பும், வாங்குபவர் சரக்கை ஏற்ற நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே, இரு பிரிவுகளுக்கிடையே ஒரு மூட்டை நான்கு நாள் கிடந்தால், பணமும் நான்கு நாள் பிந்தியே வரும், வட்டியோ காத்திருப்பதில்லை.