உதிரும் முடியும் உரிய சிகிச்சையும்

கோலா தெர்லா போன்ற மலைப்பகுதியில் முடி கொட்டினால், குளிரின் மீதும் தண்ணீரின் மீதும் பழிபோடுவது எளிது. முடியின் கணக்கோ வேறு. தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்திருந்து, பின்னர் உதிர்கிறது. எனவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்திற்கோ பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும். அந்நேரத்தில் தேய்த்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கிறது!

தேயிலைத் தோட்டத்தோடு தொடர்புடைய முடியுதிர்வும் உண்டு. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமப்பது வழக்கம். கொழுந்து சேரச் சேரக் கயிறு தலையை அழுத்தி இழுக்கும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சுமந்தால், கயிறு படும் இடத்தில் முடி மெலிந்து வழுக்கை விழக்கூடும். மருத்துவர்கள் இதனை 'இழுவை முடியுதிர்வு' என்பர். இறுக்கமாகச் சடை பின்னுவோருக்கும் கொண்டை போடுவோருக்கும் நெற்றியோரத்தில் இதே நிலை ஏற்படலாம். தொடக்கத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வேர்ப்பை தழும்பாகிவிட்டால் எந்த மருந்தும் பயன் தராது.

ஆண்களிடம் பரவலாகக் காணப்படும் வழுக்கைக்கு மரபணுவும் ஹார்மோனும் காரணம். இதற்குத் தடவப்படும் மினாக்ஸிடில், முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகவே பயன்பட்டது. அதை உட்கொண்டவர்களின் உடலில் முடி அடர்ந்து வளர்ந்ததைக் கண்டபின், தலையில் தடவும் மருந்தாக்கினர். அமெரிக்கா 1988-இல் அதற்கு அனுமதி அளித்தது. ஆனால், தடவுவதை நிறுத்தினால் கிடைத்த பயனும் சில மாதங்களில் மறைந்துவிடும்.

முடிமாற்று சிகிச்சையின் அடிப்படையை 1959-இல் விளக்கியவர் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக். பின்தலை முடி எளிதில் வழுக்கைக்கு ஆளாவதில்லை. அதை வேரோடு எடுத்து முன்தலையில் நட்டாலும், அது தன் இயல்பை இழப்பதில்லை. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி நடுவதைப் போன்றதுதான் இது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும்; பார்ப்பவர் பதறுவார். மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் புதுமுடி முளைக்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆயினும், புதிதாக ஒரு முடிகூட இதனால் உண்டாவதில்லை. இருப்பதை இடம் மாற்றுவது மட்டுமே நடக்கிறது. பின்தலையில் முடி குறைவாக உள்ளவருக்கு இது பொருந்தாது.

மயக்க மருந்து, இரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகள் உள்ளதால், இதை முடிதிருத்தும் வேலையோடு சேர்த்து எண்ணக் கூடாது. 2016-ஆம் ஆண்டு சென்னையில் முடிமாற்று சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவரே ஒரு மருத்துவ மாணவர். சிகிச்சை நடந்த இடம் அழகு நிலையத்திற்கான உரிமம் மட்டுமே பெற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. மலேசியாவில் ஒருவர் பதிவுபெற்ற மருத்துவர்தானா என்பதை, மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடி எவரும் உறுதிசெய்துகொள்ளலாம்.