மண் பரிசோதனையும் தக்க ஆய்வுகூடத்தைத் தெரிதலும்



சீகிரியாப் பகுதியில் மேட்டு நிலங்களிற் பெரும்பாலும் செங்கபில மண்ணும், தாழ்ந்த வயல்களில் நீர் வடியாத நரை மண்ணும் காணப்படுகின்றன. இவை இரண்டும் பசளையை ஒரே விதமாக ஏற்பனவல்ல. அயலவர் இட்ட அளவையே நாமும் இடுவோமாயின், தேவையான இடத்திற் குறைவும் தேவையற்ற இடத்தில் மிகையும் நேரும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஒரு மூடைப் பசளையின் பெறுமதியை யாவரும் உணர்ந்தோம். அதனை அறிந்து இடுதற்கு வழி மண் பரிசோதனையே.

மிகையால் வரும் கேடு

பொசுபரசு மண்ணில் எளிதில் இடம்பெயராது. மரக்கறித் தோட்டங்களிற் போகந்தோறும் இடப்படும் முச்சுப்பர் பொசுபேற்று ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்கும். மிகையான பொசுபரசு, பயிர் நாகச்சத்தைப் பெறுவதைத் தடுக்கும். மழையில் அரிக்கப்படும் மண்ணோடு குளத்தைச் சேர்ந்து பாசியையும் பெருக்கும். பணமும் போய், விளைச்சலும் குன்றும்.

மாதிரி எடுக்கும் முறை

ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 9 இலட்சம் கிலோகிராம் நிறையுடையது. ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படுவதோ சில கிராம் மட்டுமே. ஆதலால் மாதிரி பிழையாயின் முடிவும் பிழையாகும்.

1. அறுவடை முடிந்தபின், அடுத்த போகத்திற்குப் பசளை இடுமுன் மாதிரி எடுக்க வேண்டும். நீர் தேங்கிய வயலில் மண்ணின் அமிலகாரத் தன்மை மாறுபடுமாதலால், வயல் காய்ந்திருக்கும்போது எடுத்தல் நன்று.

2. வயலையும் மேட்டு நிலத்தையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி வேண்டும்.

3. வரம்பு, மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், நடைபாதை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

4. வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை அகற்றி, மண்வெட்டியால் ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே தடிப்பான மண் துண்டை எடுக்க வேண்டும்.

5. யாவற்றையும் துப்புரவான வாளியிற் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்குக. அரைக் கிலோகிராம் எஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்துக. பசளை இருந்த பையையோ வாளியையோ ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

6. பெயர், நிலத்தின் பெயர், எடுத்த திகதி, முன் செய்த பயிர், இனிச் செய்யும் பயிர் ஆகியவற்றை எழுதிப் பையுடன் இணைக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தைத் தெரிதல்

விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களான கன்னொறுவை, மகாஇலுப்பள்ளம, பத்தலகொடை ஆகிய இடங்களில் மண் ஆய்வுகூடங்கள் உள்ளன. மாதிரியை எங்கே, எவ்வாறு, என்ன கட்டணத்துடன் ஒப்படைப்பது என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையிலும் வினவலாம்.

தனியார் ஆய்வுகூடத்தை நாடுவோர், அது இலங்கை அங்கீகாரச் சபையின் அங்கீகாரம் பெற்றதா எனப் பார்க்க வேண்டும். ஆய்வுகூடங்களுக்குரிய சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 17025 ஆகும். அங்கீகாரம் குறித்த சில சோதனைகளுக்கே வழங்கப்படும். நீரைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற கூடம் மண்ணுக்கும் பெற்றிருக்கும் என எண்ணலாகாது. ஆதலால் சான்றிதழின் அட்டவணையில் உமக்கு வேண்டிய சோதனை உண்டா, காலம் முடிந்துள்ளதா என்பவற்றைக் கவனிக்க.

பொசுபரசை அளக்கும் முறைகள் பலவாதலால், ஒரு கூடத்தின் எண்ணை வேறொரு கூடத்தின் எண்ணோடு நேரே ஒப்பிடலாகாது. அறிக்கையில் முறையின் பெயரும் இருக்க வேண்டும்.

அறிக்கை கிடைத்தபின்

அறிக்கையைப் பெட்டியிற் பூட்டி வைப்பதாற் பயனில்லை. அதனைப் போதனாசிரியரிடம் காட்டி, பயிருக்கேற்ற பசளை அளவைக் குறித்துக்கொள்க. பின்னர் இட்ட அளவையும் பெற்ற விளைச்சலையும் ஒரு கொப்பியிற் பதிந்து வருக. இப்பெரும்போகத்திற்கு விதைக்குமுன், ஒரு வயலிலேனும் ஒரு தோட்டத்திலேனும் இதனைச் செய்து பாருங்கள்.