ராத்திரி தானா ரீபூட் ஆன லினக்ஸ் கம்ப்யூட்டர்: அக்கா சொல்ற டிப்ஸ்

தம்பி, ராத்திரி ஓடட்டும்னு விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர் காலையில லாகின் திரையில நிக்குதா? லினக்ஸ் கெட்டுப்போச்சுன்னு உடனே இன்ஸ்டால் பண்ண பென்டிரைவைத் தேடாதே. என்ன நடந்துச்சுங்கிற பதிவு அந்த டிஸ்க்லதான் இருக்கு. ஃபார்மேட் பண்ணினா அதுவும் போயிடும்.

டெர்மினலைத் திறந்து 'லாஸ்ட்' கட்டளையை 'எக்ஸ்' ஆப்ஷனோட கொடு. ராத்திரி ரீபூட் வரிக்கு நேர் கீழே ஷட்டவுன் வரி இருந்தா, மெஷின் முறைப்படி அணைஞ்சுதான் எழுந்திருக்கு. உபுண்டு, டெபியன்ல தானா அப்டேட் பண்ற 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' உண்டு. அதுல ஆட்டோ ரீபூட் சாதாரணமா ஆஃப்லதான் இருக்கும். யாராவது ஆன் பண்ணினாங்களான்னு விசாரி.

ஷட்டவுன் வரியே இல்லேன்னா, 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் ஒண்ணு' கொடுத்துக் கடைசி வரிகளைப் படி. வழக்கமான பதிவு ஓடிட்டே வந்து சட்டுனு அறுந்திருந்தா கரண்ட் மேலதான் முதல் சந்தேகம். கெர்னல் பேனிக்கோன்னு பயப்படாதே. மாத்தாத செட்டிங்ல பேனிக் ஆன மெஷின் பெரும்பாலும் அப்படியே உறைஞ்சு நிக்கும், தானா எழுந்து வராது. பழைய பதிவே வரலேன்னா, வார் லாக் ஃபோல்டருக்குள்ள 'ஜர்னல்'னு ஒரு ஃபோல்டர் போட்டு ரீஸ்டார்ட் பண்ணு. அடுத்த தடவைக்கு உதவும்.

கரண்ட் மேல சந்தேகம்னதும் "இன்வெர்ட்டர்தான் இருக்கேக்கா"ம்பே. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு நாள்கணக்கா இருட்டுல கிடந்த மாவட்டம் நம்முது, இன்வெர்ட்டரோட அருமை தெரியாம இல்லை. ஆனா அதுல யூபிஎஸ், ஈகோன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், பார்த்திருக்கியா? ஈகோவுல வோல்டேஜ் நல்லா இறங்கினாலும் அந்தக் கரண்டையே உள்ள விட்டுட்டிருக்கும், பேட்டரிக்கு மாறவும் நேரம் எடுக்கும். கம்ப்யூட்டரோட எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாம தாங்கறது சுமார் 16 மில்லிசெகண்ட்தான். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போர் மோட்டாருங்க ஸ்டார்ட் ஆகறப்ப லைட் மங்கறதைப் பார்த்திருப்பே. ஸ்டார்ட் ஆகற மோட்டார் ஓடறப்ப இழுக்கறதைப் போல பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த ஒரு கண்ணிமைப்பு போதும், மெஷின் விழுந்து எழுந்திரிக்க. சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிடு.

லேப்டாப்புக்கு இது பொருந்தாது, பேட்டரி இருக்கு. ஆனா பாஸ் லினக்ஸோட வந்த அரசு இலவச லேப்டாப்பைப் பேட்டரி செத்தும் சார்ஜர்லயே ஓட்டிட்டிருந்தா, அதுவும் டெஸ்க்டாப் கணக்குத்தான்.

ஒவ்வொரு தடவையும் ரீபூட் ஆன நேரத்தை நோட்டுல எழுது. தினமும் ஒரே நேரம்னா, நேரம் வச்சு வேலைகளை ஓட்டற 'கிரான்' பட்டியலைப் பாரு, அக்கம்பக்கத்து மோட்டார் நேரத்தையும் கேளு. நேரம் மாறி மாறி வந்து, யூபிஎஸ் பக்கம் தள்ளியும் நிக்கலேன்னா, வேற நல்ல எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டிப் பாரு. அதுக்கும் அடங்கலேன்னா ரேமைச் சோதிக்கற 'மெம்டெஸ்ட்'டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடு. ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ரேமை மாத்திடு.