நட்சத்திரக் கையெழுத்து

ஓவியங்கள் உள்ள மியூசியத்துக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் அட்டையைத்தான் முதலில் படிப்போம். பெரிய பெயராக இருந்தால் "ஆகா!" என்போம். தெரியாத பெயர் என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். சரி, அந்த அட்டையே தப்பாக இருந்தால்? அப்படி நடந்த உண்மைக் கதை இது.

ஹாலந்து நாட்டில் ஹார்லெம் என்று ஓர் ஊர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஓவியர் புகழோடு இருந்தார். சிரிக்கும் முகங்களை வேகமான தூரிகை வீச்சில் வரைவதில் கெட்டிக்காரர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் படங்களுக்கு ஏக கிராக்கி. ஒருவன் வயலின் வாசிக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் கையில் கோப்பையோடு சிரிக்கிறாள். இந்தப் படத்தை ஹால்ஸ் வரைந்தது என்று சொல்லி லண்டனில் 4,500 பவுண்டுக்கு விற்றார்கள். அம்மாடி!

ஆனால் கையெழுத்தை உற்றுப் பார்த்தபோது குட்டு உடைந்தது. அது ஹால்ஸின் எழுத்தே இல்லை. ஜே, எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தன. கூடவே ஒரு சின்ன நட்சத்திரம்! விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பேச்சு பணத்தைப் பற்றித்தான். புதிதாக ஒரு நல்ல ஓவியர் கிடைத்தாரே என்று யாரும் கொண்டாடவில்லை. படம் அதே படம்தான், பெயர் மாறியதும் விலை இறங்கிவிட்டது.

அந்த நட்சத்திரம் யாருடையது என்று 1893இல் விளக்கி எழுதியவர் ஹாஃப்ஸ்டெட டி க்ரூட் என்ற டச்சு அறிஞர். அவர் சொன்ன பெயர் ஜூடித் லேஸ்டர். 'லேஸ்டர்' என்றால் வழிகாட்டும் நட்சத்திரம் என்று பொருள். அதனால்தான் அந்தக் கையெழுத்து! இன்று அந்தப் படம் பாரிஸ் லூவர் மியூசியத்தின் சொத்து.

ஜூடித் 1609இல் ஹார்லெமில் பிறந்தார். அப்பா பீர் காய்ச்சும் தொழில் செய்தவர். 1633இல் ஊர் ஓவியர் சங்கத்தில் ஜூடித் உறுப்பினர் ஆனார். பெண்கள் அதில் சேருவது அந்தக் காலத்தில் அபூர்வம். மாணவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். 1635இல் அவருடைய மாணவன் ஒருவன் பாதியிலேயே விட்டுவிட்டு ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட்டான். ஜூடித் சும்மா விடவில்லை, நேராகச் சங்கத்தில் புகார் கொடுத்தார்! தன் பெயருக்காகச் சண்டை போடத் தெரிந்தவருடைய படம், பின்னால் அதே ஹால்ஸின் பெயரில் விலை போனது. என்ன கொடுமை பாருங்கள்!

1636இல் மோலனார் என்ற ஓவியரை மணந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரில் கிடைத்திருக்கும் படங்கள் மிகக் குறைவு. 1660இல் காலமானார். 1668இல் கணவரும் இறந்தபோது வீட்டுப் பொருள்களைப் பட்டியல் எடுத்தார்கள். ஜூடித்தின் படங்களை அதில் எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? 'இறந்தவரின் மனைவி வரைந்தது'. பெயரே இல்லை!

அவர் தன்னையே வரைந்த படம் ஒன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. கையில் தூரிகைகளோடு, வேலைக்கு நடுவில் நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அவர் முன்னால் உள்ள பலகையில் வயலின்காரன் பாதி வரைந்தபடி நிற்கிறான். அகச்சிவப்புக் கதிர் மூலம் சோதித்தபோது, அந்த வயலின்காரனுக்கு அடியில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. முதலில் ஒன்றை வரைந்து, பிறகு மனம் மாறியிருக்கிறார்!

1993இல் ஹார்லெமில் அவருடைய படங்களை வைத்துப் பெரிய கண்காட்சி நடந்தது. 2021இல் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தின் தலைசிறந்த ஓவியங்களுக்கான கூடத்திலும் அவர் படத்தை மாட்டினார்கள்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை:

1. மியூசியத்தில் முதலில் படத்தைப் பாருங்கள். அப்புறம் அட்டையைப் படியுங்கள்.
2. படத்தின் மூலைகளைத் தேடுங்கள். கையெழுத்தோ அடையாளமோ இருக்கலாம்.
3. 'பெயர் தெரியாதவர்' என்று எழுதியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். அதையும் ஒருவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்திருப்பார்.

கடைசியாக ஒன்று. அடுத்த இதழுக்குப் படம் வரைந்து தருகிறவர்களே, மூலையில் உங்கள் பெயரை மறக்காமல் எழுதுங்கள்!