குடும்பக் கொடிவழிப் பட்டயம் செய்யக் கற்றுக்கொள்வோம்



ஊறுகாய், சணல் பை, மெழுகுவர்த்தி என்று நம் குழுக்கள் எத்தனையோ தொழில் செய்து பார்த்துவிட்டன. இந்த இதழில் கொஞ்சம் புதுசான ஒரு வேலையைப் பற்றிப் படிப்போம். கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டியில் தொடங்கி இன்றைய பேரப்பிள்ளைகள் வரை ஒரு குடும்பத்தின் பெயர்களை ஒரே தாளில் அழகாக எழுதி, ஓரத்தில் கோலமும் வண்ணமும் போட்டு, பிரேம் செய்து கொடுப்பதுதான் அது. வம்சாவளி என்றும் சொல்வார்கள், கொடிவழி என்றும் சொல்வார்கள். மணிவிழா, சதாபிஷேகம், புதுமனைப் புகுவிழா போன்ற நாட்களில் பரிசாகக் கொடுக்க ஏற்றது.

இதை யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பேரன் பேத்திக்குத் தங்கள் ஊர் பெயர்கூடத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கு உண்டு. இன்னொரு வகையினரும் உண்டு. 1834 முதல் மொரிஷியஸ் தீவுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மதராசிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய வாரிசுகள் இப்போது தங்கள் வேரைத் தேடி இங்கே வருகிறார்கள். விமானம் இறங்குவதே நம் பக்கத்து மீனம்பாக்கத்தில்தான்.

அவர்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கும்? நேட்டாலுக்குப் போனவர்களைப் பற்றிக் கப்பல் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜில்லா என்ற இடத்தில் 'சிங்கிள்பட்டு' என்று பார்த்தால் அது நம்ம செங்கல்பட்டுதான். மொரிஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இப்படிப்பட்ட பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. ஒரு விஷயம், அவர்கள் பெயரின் எழுத்து நம் காதுக்கு வித்தியாசமாக இருக்கும். முதலி என்பது 'மூட்லி' ஆகியிருக்கும், கவுண்டர் 'கவெண்டர்' ஆகியிருக்கும். அதை நாம் திருத்தக் கூடாது. அவர்கள் எப்படி எழுதித் தருகிறார்களோ அப்படியே எழுத வேண்டும்.

அந்தக் கூலிப் பதிவேட்டில் கப்பலேறிய பெண்ணுக்கும் தனி எண் உண்டு, அவள் பெயரிலேயே பதிவு உண்டு. ஆனால் நம் வீடுகளில் எழுதி வைத்திருக்கும் வம்சாவளியை எடுத்துப் பாருங்கள். அப்பா, மகன், பேரன் என்று ஆண் பெயராகவே இறங்கி வரும். மனைவி பெயர் இருக்காது. மகள் கல்யாணம் ஆகிப் போனதும் கிளையே முடிந்துவிடும். வெள்ளைக்காரன் கணக்குப் பிள்ளை எழுதியதைக்கூட நம் வீட்டில் எழுதவில்லை!

ஆகவே இந்த வேலையில் முதல் பாடம் பெயர் சேகரிப்பது, வண்ணம் தீட்டுவது அதற்கப்புறம்தான். வீட்டில் மூத்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "உங்க அம்மா பேரு என்னம்மா? அவங்க பொறந்த ஊரு எது?" என்று கேட்டால் போதும், மடமடவென்று வரும். வருஷம் தெரியாது என்பார்கள். "அண்ணா இறந்தப்ப இவன் கைக்குழந்தை" என்பார்கள். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரியில். "எம்.ஜி.ஆர். போன வருஷம் கல்யாணம்" என்றால் 1987. இப்படிக் கிடைத்த வருஷத்தை 'சுமார்' என்று போட்டுத்தான் எழுத வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயர் மூன்று இடத்தில் வரும். பக்கத்தில் ஊரையோ வருஷத்தையோ சேர்த்தால் குழப்பம் வராது. வீட்டில் பாப்பாம்மா, ரேஷன் கார்டில் சரஸ்வதி என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

சில வீடுகளில், "பொண்ணுங்க பேரு வேணாம், இடம் அடைக்கும்" என்று சொல்வார்கள். இதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்து இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. நாம் செய்வது அழகுக்கு மாட்டும் தாள்தான், அதை வைத்து யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் கூடத்தில் தினமும் கண்ணில் படும் தாளில் அவள் பெயரே இல்லை என்றால், அந்த வீட்டுக் குழந்தைகள் எதைப் படித்து வளரும்? இடம் போதாவிட்டால் பெரிய தாள் எடுக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் தாள் சர்க்கார் காகிதம் மாதிரி தெரியவே கூடாது. வாரிசுச் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். நாம் தலைப்பில் 'நினைவுப் பட்டயம்' என்று போடுவோம், 'சான்றிதழ்' என்று போட வேண்டாம். நாலு சிங்க முத்திரையை ஓர் அழகுக்காகக்கூட வரையக் கூடாது. தேசிய முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருஷம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. தமிழக அரசின் கோபுர முத்திரையும் வேண்டாம். குலதெய்வக் கோயில் கோபுரம் கேட்டால் அது வேறு, தாராளமாக வரையலாம். வட்ட ரப்பர் ஸ்டாம்பு, வரிசை எண், 'இதனால் சான்றளிக்கப்படுகிறது' என்ற வாசகம், இதெல்லாம் தவிர்க்க வேண்டும். கீழே சின்ன எழுத்தில் 'குடும்பத்தார் சொன்ன தகவலின்படி எழுதப்பட்டது' என்று ஒரு வரியும், குழுவின் பெயரும் போதும். நம் தீர்மானப் புத்தகம் போலத்தான், யார் சொன்னது என்பது தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநில மரபுவழிச் சங்கம், 1820-க்குள் அங்கே குடியேறியவர்களின் சந்ததி என்று நிரூபிப்பவர்களுக்கு ஒரு பத்திரம் தருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை ஆதாரம் காட்டினால்தான் கிடைக்கும். அவ்வளவு கறார் நமக்குத் தேவையில்லை, ஆனாலும் எழுதுவதற்கு முன் குடும்பத்தார் இரண்டு பேரிடம் பென்சில் பிரதியைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இனி செய்முறை. ஏ3 அளவில் கெட்டியான தாள் வேண்டும். மரக்கூழ்த் தாள் நாளடைவில் பழுத்துவிடும். பருத்தியில் கையால் செய்த காகிதம் பல காலம் நிற்கும், கொஞ்சம் விலை கூட. தாம்பரத்தில் ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வகை எல்லாம் கிடைக்கும். முதலில் பென்சிலால் லேசாகக் கட்டம் போட்டு, பெயர்களை எண்ணி இடம் பிரியுங்கள். பட்டை நிப் பேனாவில், தண்ணீர் பட்டாலும் கலையாத கருப்பு மையால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ஓரத்துக்கு நம் கைக்குத் தெரிந்த சிக்குக் கோலமே போதும், அதைவிட அழகான பார்டர் கடையில் கிடைக்காது. சுருட்டிக் கொடுப்பதானால் வாழைநார்க் கயிற்றால் கட்டலாம். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் சேலையே நெய்கிறார்கள், நமக்குக் கயிறா கிடைக்காது? லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், ஒருமுறை ஒட்டினால் தாளைப் பிரித்தெடுக்க முடியாது. பிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

பழைய போட்டோ, பத்திரம் எதையும் அசலாக வாங்கி வராதீர்கள். அவர்கள் வீட்டிலேயே நகல் எடுத்துக்கொண்டு அசலை அங்கேயே விட்டுவிடுங்கள். 2015 கடைசியில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது நமக்குத் தெரியும். பிறர் வீட்டு அசல் நம் கையில் இருக்கும்போது அப்படி ஒரு மழை வந்தால் என்ன பதில் சொல்வது? முடித்த பட்டயத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை எப்படி வைப்பது? ஒரு கணக்குக்குச் சொல்கிறோம். தாள், மை, பிரேம் எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்று வையுங்கள். பெயர் சேகரிக்க 4 மணி, எழுத 5 மணி, வண்ணத்துக்கு 3 மணி, ஆக 12 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் 720. வீணாகும் தாளுக்கு 80. மொத்தம் 1,200. இதற்குக் கீழே கொடுத்தால் நம் கூலியை நாமே குறைத்துக்கொள்கிறோம். பேசி உட்காரும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுவதுதான் நம் வழக்கம், அதையும் எழுதுங்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் தன் சொந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறையைப் பென்சிலில் எழுதிக் கொண்டு வரவும். அம்மா வழி, அப்பா வழி இரண்டும் வேண்டும். தாளும் நிப்பும் அங்கே இருக்கும்.