பத்து வட்டி எங்கிருந்து வருகிறது?

வேதபாடம்

வாசிக்க: நீதிமொழிகள் 13:11, நீதிமொழிகள் 14:15, பிரசங்கி 11:2, மத்தேயு 25:14-30, அப்போஸ்தலர் 17:11



இந்த மாதம் பணத்தைக் குறித்துப் பாடம் என்றதும், தசமபாகத்தைப் பற்றித்தான் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இல்லை. காணிக்கை கொடுத்தது போக, வீட்டுச் செலவு போக, மீதி உங்கள் கையில் நிற்கிறதே, அதைப் பற்றி. கரும்பு வெட்டிய பணமோ, தறி ஓட்டிய கூலியோ, ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து பிள்ளை கொண்டுவந்த சம்பளமோ, எதுவானாலும் சரி. அதை எங்கே வைக்கிறீர்கள்? யார் சொல்லி வைக்கிறீர்கள்?

2022-ஆம் வருஷத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் ஆருத்ரா கோல்டு என்ற கம்பெனி, மாதம் நூற்றுக்கு 25, 30 ரூபாய் தருவதாகச் சொல்லி 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் வாங்கியிருந்தது என்று போலீசார் சொன்னார்கள். அதே வருஷம் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். என்ற நிறுவனம் பிடிபட்டது. மாதம் 6 முதல் 10 வட்டி என்று சொல்லி, நமக்கு அடுத்த வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கத்து ஜனங்களிடம் வாங்கிய பணம் சுமார் 6,000 கோடி என்று கணக்கு வந்தது. இது புதுசும் அல்ல. 1998-ல் தேக்கு மரம் வளர்த்துப் பணம் தருகிறோம் என்ற அனுபவ் பிளாண்டேஷன்ஸ் விழுந்தது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி. மரம், கோழி, தங்கம் என்று வேஷம் மாறுகிறது, உள்ளே இருக்கிற கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேனா, பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 1 லட்சம் கொடுக்கிறீர்கள். மாதம் 10,000 வருகிறது. மூன்று மாதத்தில் 30,000. கை நிறைந்துவிட்டது, ஸ்தோத்திரம் என்கிறீர்கள். ஆனால் அவர்களிடம் உங்கள் பணம் இன்னும் 70,000 இருக்கிறது. உங்களுக்கு வந்தது வட்டி அல்ல, உங்கள் முதலே உங்களிடம் துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது. பத்தாவது மாதம் வரைக்கும் நீங்கள் உங்கள் சொந்தப் பணத்தைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். இதற்குள் நீங்கள் சாட்சி சொல்லி, உங்கள் சின்னம்மா 2 லட்சம் போட்டிருப்பார்கள். அடுத்த வீட்டு அக்கா நகையை அடகு வைத்துப் போட்டிருப்பார்கள். பதினோராம் மாதம் உங்களுக்கு வருகிற பத்தாயிரம் அந்த அக்காவுடைய பணம். புது ஆள் வருவது எந்த மாதம் நிற்கிறதோ, அந்த மாதம் கதவு பூட்டப்படும்.

இதில் ஊழியக்காரருக்கும் ஒரு வார்த்தை உண்டு. இப்படி வந்த பணத்தில் தசமபாகம் கொண்டுவந்தார்கள் என்று நாம் சந்தோஷப்பட்டால், சபையின் பெட்டியில் விழுந்தது இன்னொரு விதவையின் முதலாயிருக்கலாம்.

நம் ஊரில் பத்து வட்டி வாங்குகிறவனை என்ன சொல்லுகிறோம்? கந்துவட்டிக்காரன் என்கிறோம். அவன்மேல் வழக்குப் போட 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படியானால், பத்து வட்டியை மனமுவந்து உங்களுக்குக் கொடுக்கிறவன் யார்? அவனுக்கு நியாயமாகப் பணம் தேவையென்றால் பேங்கில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ கொடுத்துக் கடன் வாங்கலாமே. உங்களைத் தேடிக் கனகம்மாசத்திரம் வரைக்கும் ஏன் வருகிறான்?

இன்னொரு அளவுகோல் சொல்லுகிறேன். பம்பாய் பங்குச்சந்தையில் நாட்டின் பெரிய 30 கம்பெனிகளை வைத்து சென்செக்ஸ் என்று ஒரு எண் கணக்கிடுகிறார்கள். 1979-ல் அது 100. 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. 45 வருஷத்தில் 800 மடங்கு. கேட்கப் பெரிதாயிருக்கிறது. வருஷக் கணக்காக்கினால் சுமார் 16 சதவீதம் வரும், அவ்வளவுதான். அதுவும் நேர்கோட்டில் ஏறவில்லை. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்டது, கொரோனா வந்து மார்ச் 23-ந்தேதி 26,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. நாட்டின் பெரிய கம்பெனிகள் ஒரு வருஷம் முழுக்க உழைத்துத் தருவது சராசரி 16 என்றால், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் மாடியில் ரூம் எடுத்தவன் ஒரே மாதத்தில் 10 தருவானா?

பங்கு என்றால் என்ன என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு பைக் செய்கிற ஆலை இருக்கிறது. அதன் தாய்க்கம்பெனி ஐஷர் மோட்டார்ஸ். அந்தக் கம்பெனியைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துச் சந்தையில் வாங்கி விற்கிறார்கள். ஒன்று வாங்கினால் அந்த அளவுக்கு நீங்களும் உரிமையாளர். பைக் நன்றாக விற்றால் பங்கின் விலை ஏறும், விற்காவிட்டால் இறங்கும். "நிச்சயம் இவ்வளவு தருகிறோம்" என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தில் கடைசியில் வேகவேகமாகச் சொல்லுகிறார்களே, சந்தை அபாயம் உண்டு என்று, அதைச் சட்டப்படி சொல்லியே ஆகவேண்டும். கவனியுங்கள்: நஷ்டம் வரலாம் என்று முதலிலேயே சொல்லுகிறவன் சட்டத்துக்கு உட்பட்டவன். நஷ்டமே வராது என்று சத்தியம் பண்ணுகிறவனிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். வாக்குத்தத்தம் தேவனிடத்தில் தேடவேண்டியது, ஏஜெண்டிடம் அல்ல.

"பாஸ்டர், நம்ம பிரதர்தான் சொல்றாரு. அவர்கிட்ட போய் எப்படிக் கேக்கறது? விசுவாசம் இல்லன்னு நெனைக்க மாட்டாரா?" இந்தக் கேள்வியில்தான் நம்முடைய சபைகள் விழுகின்றன. அப்போஸ்தலர் 17:11-ஐ எடுங்கள். பெரோயா பட்டணத்தாரிடம் பிரசங்கித்தது பவுல். அவருடைய உபதேசத்தையே அவர்கள் தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். லூக்கா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, நற்குணமுள்ளவர்கள் என்றே எழுதிவைத்தார். பவுலைச் சோதித்துப் பார்த்ததே நற்குணமென்றால், சீட்டுப் பிடிக்கிற பிரதரிடம் ஒரு ரிஜிஸ்டர் நம்பர் கேட்பது பாவமா? நீதிமொழிகள் 14:15 எந்த வார்த்தையையும் அப்படியே நம்புகிறவனைப் பேதை என்றுதான் எண்ணுகிறது.

முன்பு நல்ல சாட்சியுள்ள ஒரு சகோதரன் வந்து, "ஆராதனை முடிஞ்சப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க பாஸ்டர், நம்ம ஜனங்க ஆசீர்வதிக்கப்படணும்" என்றார். மேலே சொன்ன பெரிய கம்பெனி எதுவும் அல்ல, நாலு பேர் சேர்ந்து நடத்தியது. பீடத்தில் இடமில்லை என்றேன். செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்று பேசினார். ஏழு மாதம் பணம் வந்தது, பிறகு போன் எடுக்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவர் பணமும் போயிற்று. ஆனால் வீட்டு ஜெபத்தில் ஒரே பாயில் உட்கார்ந்த இரண்டு குடும்பங்கள் இன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு வீட்டார் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் பாரம்.

ஏஜெண்டாய் இருக்கிறவர்களும் கேளுங்கள். 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத டெபாசிட்டுக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். 1 வருஷத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை. வாங்குகிறவனுக்கு 2-லிருந்து 7 வருஷம். "நான் சொல்லத்தான் சொன்னேன்" என்றால் கோர்ட்டில் செல்லாது.

அனுமதி என்றால் எது? கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன், ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் என்று கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது கம்பெனி இருக்கிறது என்பதற்குச் சான்று. ஜனங்களிடம் டெபாசிட் வாங்க அது அனுமதி ஆகாது. டெபாசிட் என்றால் ரிசர்வ் பேங்க் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு, பங்கு ஆலோசனை என்றால் செபி பதிவு எண். சீட்டுக் கம்பெனி என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு. பிள்ளைகள் போனில் ரிசர்வ் பேங்கின் "சச்சேத்" இணையதளத்தைத் திறந்து தரச் சொல்லுங்கள், அதில் பார்க்கவும் புகார் கொடுக்கவும் வழியிருக்கிறது.

வாலிபப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். போனிலே ஆப்ஷன், ஃபியூச்சர் என்று விளையாடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மூன்று வருஷத்தில் இதில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரி 2 லட்சம். இது முதலீடு அல்ல தம்பி, சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு.

அப்படியானால் பணத்தைப் புதைத்து வைப்பதா? மத்தேயு 25-ல் புதைத்தவனைத்தானே எஜமான் கடிந்துகொண்டார். காசுக்காரரிடத்திலாவது போட்டிருக்கலாமே என்று கேட்டார். இந்த உவமையில் ஐந்து பத்தானதைப் பிரசங்கிக்கிறோம், 19-ஆம் வசனத்தில் எஜமான் ரொம்ப நாள் கழித்தே திரும்பினார் என்பதை விட்டுவிடுகிறோம். இரட்டிப்புக்குக் காலம் பிடிக்கும். 72-ஐ வட்டியால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று தெரியும். 6 வட்டிக்குப் பன்னிரண்டு வருஷம். நீதிமொழிகள் 13:11 கையால் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ப்பதைச் சொல்லுவதும் அதுதான்.

பேங்கில் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாயிருந்தது. போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கு அரசாங்கமே பொறுப்பு. பத்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளை இருந்தால் செல்வமகள் கணக்கு, வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் போதும். குடும்பத் தலைவருக்கு வருஷம் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு பேங்கிலேயே கிடைக்கிறது. பலபேர் ஆயிரம் ரூபாய் ரீசார்ஜ் பண்ணுகிறார்கள், இதை எடுக்கவில்லை. இவ்வளவும் ஆனபின்பு, ஏழெட்டு வருஷம் தொடவேண்டிய அவசியமில்லாத பணம் இருந்தால், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 போட்டுப் பாருங்கள். அடுத்த தை மாதம் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். பிரசங்கி 11:2 பங்கை ஏழுபேருக்கும் எட்டுபேருக்கும் பிரித்து வைக்கச் சொல்லுகிறது. ஒரே இடத்தில் குவிக்காதீர்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்ளுகிறேன்.

ஏற்கெனவே பணம் இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்து, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் எழுதிக் கொடுங்கள். 1997-ஆம் வருஷத்து முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுக்க வழியுண்டு. வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் புகார் எழுதாதவர் பெயர் அந்தப் பட்டியலில் வராது. ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கியவர்கள், லூக்கா 19:8-ல் சகேயு தன் வீட்டில் எழுந்து நின்று சொன்னதை ஒருதரம் வாசித்துவிட்டு, அந்தக் கமிஷனோடு அந்தந்த வீட்டுக்குப் போங்கள். துணைக்கு வரவேண்டுமானால் நான் வருகிறேன்.

அடுத்த பாடம் கடனைப் பற்றியது. 2 இராஜாக்கள் 4:1-7 வாசித்துக்கொண்டு வாருங்கள். எண்ணெய் பெருகினபின் அந்த விதவை முதலில் என்ன செய்யவேண்டும் என்று எலிசா சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் வீட்டுக் குழுக் கடன், நகைக் கடன், கைமாற்று எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுவாருங்கள், வட்டி எத்தனை என்பதோடு.